லைன் வீட்டுக் கூரை யார் பொறுப்பு?

நீலகிரி மாவட்டத்தின் கூடலூர்ப் பகுதியில் உள்ள ஒரு தனியார் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடும்பங்களுக்காக வரிசையாகக் கட்டப்பட்ட லைன் வீடுகளில் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள் நான். என் அம்மா அங்கே கொழுந்து பறிக்கும் நிரந்தரத் தொழிலாளி. எங்கள் வரிசை வீடுகளின் கூரையையும் பொதுக் கழிப்பறையையும் சரிசெய்ய வைப்பதற்காகத் தோட்ட அலுவலகம், ஊராட்சி, தொழிலாளர் துறை, மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ஆகியவற்றுக்கு மாறி மாறிச் சென்றதில் நாங்கள் தெரிந்துகொண்டவற்றை, இதே நிலையில் உள்ள மற்றத் தோட்டத்தினருக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

நாங்கள் மனுக் கொடுக்கத் தொடங்கியபோது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நடைமுறையில் இருந்தது. அதன் 15ஆவது பிரிவின்படி, தோட்டத்தில் குடியிருக்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் வீடு அளிப்பதும், அதைப் பராமரிப்பதும் முதலாளியின் கடமையாக இருந்தது. வெளியே குடியிருப்பவருங்கூட ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்திருந்து, தோட்டத்துக்குள் குடியிருக்க விரும்புவதாக எழுதிக் கொடுத்தால் அவருக்கும் வீடு கொடுக்க வேண்டியிருந்தது. ‘எழுதிக் கொடுத்தால்’ என்ற நிபந்தனையைப் பலர் கவனிக்கவில்லை. மேஸ்திரியிடம் வாயால் கேட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களை நான் அறிவேன். வாயால் கேட்டதற்குச் சாட்சி கிடையாது.

கடமை யாருடையது என்பதில் சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் எங்கள் கூரை ஒழுகிக்கொண்டே இருந்ததற்குக் காரணம், நாங்கள் குடியிருக்கும் நிலம். 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் வரும் நிலம் அது. நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம நிலங்களை, அதாவது பரம்பரை உரிமையில் இருந்த நிலங்களை, அரசு எடுத்துக்கொண்டபோது, ஏற்கெனவே குத்தகைக்கு விடப்பட்டிருந்த தோட்டங்களின் உரிமையை அந்தப் பிரிவு தனியே வைத்து, பொதுநலன் கருதிக் குத்தகையை முடிக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. அதன் பின்னர் வழக்குக்குமேல் வழக்கு. நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி அரசியல் சாசனத்தின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்ட சட்டங்களையும் நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2007 ஜனவரியில் தீர்ப்பளித்த கொயல்ஹோ வழக்கைச் சட்டக் கல்லூரி மாணவர் அனைவரும் படிக்கிறார்கள். அந்த வழக்குக்கு மூலகாரணம் எங்கள் கூடலூர்ச் சட்டம் என்பதை அவர்களில் எத்தனை பேர் நினைவில் வைத்திருப்பார்கள் என்று தெரியவில்லை. எங்களைப் பொறுத்தவரை, ‘பதினேழு’ என்ற எண்ணைச் சொன்னாலே எந்தக் கோப்பும் நின்றுவிடும்.

தோட்ட அலுவலகத்தில் கிடைத்த பதிலும் அதுதான். “நிலமே வழக்கில் கிடக்கிறது, இதில் நாங்கள் எப்படிக் கட்டுவது?” என்றார்கள். கழிப்பறையையும் குடிநீர்க் குழாயையும் பற்றிக் கேட்டபோது, வீட்டு வரி வாங்குகிற ஊராட்சிதான் அவற்றைச் செய்ய வேண்டும் என்று கைகாட்டினார்கள். ஊராட்சியிலோ, லைன் இருப்பது தோட்டத்தின் கைவசம் உள்ள இடம், அங்கே பொதுப் பணத்தைச் செலவழித்தால் தணிக்கையில் ஆட்சேபம் வரும் என்றார்கள். இரண்டு தரப்பும் சொன்னதில் ஓரளவு உண்மை இருந்ததால்தான் இந்தச் சிக்கல் இத்தனை காலம் நீடித்தது. ஊராட்சியின் கடமைகளைக் கூறும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 110ஆவது பிரிவு பொதுச் சாலை, பொது விளக்கு என்றுதான் பேசுகிறது. தோட்டத்துக்குள் போகும் பாதை பொதுவா தனியாரதா என்பதை எங்கள் ஊரில் யாரும் முடிவுசெய்து வைத்திருக்கவில்லை.

வாய்ப்பேச்சில் இது தீராது என்று உணர்ந்து, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஊராட்சிக்கு ஒரு மனு அனுப்பினோம். லைன் வீடுகளுக்கு வரி விதிக்கப்பட்டுள்ளதா, யார் பெயரில், எந்த ஆண்டு முதல் என்ற மூன்று கேள்விகளை மட்டும் கேட்டோம். வரி தோட்டத்தின் பெயரில் வசூலிக்கப்பட்டு வருவதாகப் பதில் வந்தது. ஒரு தாளில் வந்த அந்தப் பதில் இரண்டு தரப்பிடமும் பயன்பட்டது. வீடுகள் தன்னுடையவை என்று வரி கட்டி ஒப்புக்கொண்டிருக்கிற நிர்வாகம், பராமரிப்பு தன்னுடையதல்ல என்று சொல்ல இயலாது. வரி வாங்குகிற ஊராட்சியும் எங்களைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்த இயலாது.

ஆனால் உண்மையில் நிர்வாகத்தை அசைத்தது வேறொரு பிரிவு. தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 1981ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 16ஏ பிரிவின்படி, முதலாளி அளித்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தினரோ இறந்தாலும் காயமடைந்தாலும் முதலாளி இழப்பீடு தர வேண்டியிருந்தது. குடியிருப்பவரின் தவறாலோ இயற்கைச் சீற்றத்தாலோ மட்டும் இடிந்திருந்தால் அந்தப் பொறுப்பு இருக்கவில்லை. இந்த விலக்கை நாங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டியிருந்தது. தேவாலா, பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும் அளவுக்கு, எந்தச் சுவர் விழுந்தாலும் மழையின்மேல் பழியைப் போட்டுவிடலாம். ஆகவே வானம் தெளிவாக இருந்த ஏப்ரல் மாதத்திலேயே உளுத்த கைமரங்களையும், துருப்பிடித்து ஓட்டையான தகரங்களையும், சுவர் வெடிப்புகளையும் வீடு வீடாகப் புகைப்படம் எடுத்து, வீட்டு எண் குறித்து, பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையுடன் தோட்ட நிர்வாகத்துக்கும் குன்னூரில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்துக்கும் அனுப்பினோம். பழுது மழைக்கு முன்பே நிர்வாகத்துக்குத் தெரியும் என்பதற்கு அந்த அட்டையைவிடச் சிறந்த சான்று எங்களிடம் இல்லை.

கையெழுத்து வாங்குவதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. எங்கள் லைனில் பெரும்பாலோர் 1964ஆம் ஆண்டு சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள். ஒரு முறை வீட்டை விட்டு வந்தவர்களுக்கு, இருக்கிற வீட்டைப் பற்றிப் புகார் சொல்வது அந்த வீட்டையே இழக்கும் வழியாகத் தோன்றுகிறது. “உனக்கு என்னம்மா, நீ படிச்சு டவுனுக்குப் போயிட்ட, நாளைக்கு மஸ்டரில் நிற்கப் போறது நாங்கதானே” என்று பக்கத்து வீட்டுச் சித்தி கேட்டார். மஸ்டர் என்பது காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. மே 1 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம் என்று தொழிற்சங்கத்து அண்ணன் ஒருவர் யோசனை சொன்ன பிறகே வழி பிறந்தது. தீர்மானம் என்றால் ஊரின் குரல். தனியொருவர் பெயர் முன்னால் நிற்காது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட யாரும் தயங்கவில்லை.

தீர்மான நகலையும் தகவல் உரிமைப் பதிலையும் இணைத்து, ஊட்டியில் திங்கட்கிழமைகளில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுக் கொடுத்தோம். ஊட்டிக்குப் போய்வர எங்களுக்கு ஒரு நாள் கூலி போகும் என்பதை அங்கே யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பின்னர் தொழிலாளர் துறை, வருவாய்த் துறை, வனத்துறை, ஊராட்சி, தோட்ட நிர்வாகம் எல்லோரும் ஒரே நாளில் லைனுக்கு வந்தார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் மறுக்க முடியாதபடி ஒரே இடத்தில் நிற்க வைத்ததுதான் அந்தக் கூட்டு ஆய்வின் பலன். பழைய அளவுக்குள் கூரையை மாற்றுவது புதுக் கட்டுமானம் ஆகாது என்று வனத்துறையினர் சொன்னதும், பதினேழாவது பிரிவைக் காட்டித் தள்ளிப்போட நிர்வாகத்துக்கு வழியில்லாமல் போனது.

அந்த மழைக்காலம் தொடங்கும் முன் பாதி வீடுகளுக்கும், மறு ஆண்டு மீதிக்கும் புதுத் தகரம் போட்டார்கள். கழிப்பறையை நிர்வாகம் திருத்தியது. குடிநீர்க் குழாயை லைனின் எல்லை வரை ஊராட்சியும், அங்கிருந்து உள்ளே தோட்டமும் போடுவதென்று எழுத்தில் முடிவானது. தெருவிளக்கு மட்டும் இன்னும் பேச்சில் இருக்கிறது. யானை நடமாட்டமுள்ள இடத்தில் அதுதான் முதலில் வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

2025 நவம்பர் 21 முதல், பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததால், பழைய பிரிவு எண்களைப் போட்டு இனிமேல் மனு எழுத முடியாது. வீட்டு வசதி இப்போது பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் தொகுப்பின் 92ஆவது பிரிவில் இருக்கிறது. குடிநீரும் சமையலறையும் கழிப்பறையும் வீட்டின் பகுதியாகவே அதில் குறிப்பிடப்பட்டுள்ளன. ஆயினும் பழையதிலும் புதியதிலும் வீடு வேலையோடு கட்டுண்டது. ஓய்வுபெற்றவர் காலிசெய்ய வேண்டும். பதினேழாவது பிரிவு நிலத்தில் பட்டா கிடைக்காததால் பக்கத்திலேயே சொந்தமாக ஒரு குடிசை போடவும் வழியில்லை. அம்மாவுக்கு ஓய்வு நெருங்குகிறது. ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர்களுக்குப் பதினேழில் சேராத அரசு நிலத்தில் வீட்டுமனை ஒதுக்கக் கோரும் தீர்மானத்தைச் சென்ற கிராம சபையில் நிறைவேற்றி வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம். அப்படிப்பட்ட நிலத்தின் புல எண்களைத் திரட்டும் வேலை இப்போது நடக்கிறது.