கரண்ட் கம்பம் வராத மலையில் ஆறு அறைகள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பழைய பங்களாவை ஆறு அறை லாட்ஜாக மாற்றி நடத்துகிறோம். மின்கம்பம் அந்த மலை ஏறவில்லை. 10 கிலோவாட் சோலார், 30 யூனிட் மின்சாரம் சேமிக்கும் லித்தியம் பேட்டரி, 10 கிலோவாட் இன்வெர்ட்டர், அவசரத்துக்கு டீசல் ஜெனரேட்டர். அவ்வளவுதான் எங்கள் மின்வாரியம்.

வருகிறவர்கள் முதலில் கேட்பது விளக்கையும் வைஃபையையும். அவை சாப்பிடுவது கொசுறு. ஆளை விழுங்குவது வெந்நீர்தான். குளிர்காலத்தில் தொட்டித் தண்ணீர் 15 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆளுக்கு 50 லிட்டர் என்று 12 பேருக்கு அதை 40 டிகிரிக்குச் சுடவைக்கவே 17 யூனிட் வேண்டும். பேட்டரியில் பாதிக்கு மேல் காலைக் குளியலோடு காலி. 2 கிலோவாட் கீசர் ஆறும் ஒரே நேரத்தில் ஓடினால் இன்வெர்ட்டர் படுத்துக்கொள்ளும். சோலார் போட்டவர்கள் இன்னும் பேட்டரி வாங்கச் சொன்னார்கள். அவர்கள் வேறென்ன சொல்வார்கள்!

கீசரையெல்லாம் கழற்றிவிட்டு விறகு பாய்லருக்கு மாறினோம். தோட்டத்தில் கவாத்து செய்யும் சில்வர் ஓக் கிளைகளே விறகு. ஆனால் ஈர விறகு புகையும், சூடு ஏறாது. அதனால் ஐப்பசி மழைக்கு முன்பே வெட்டிக் கொட்டகையில் அடுக்கிவிட வேண்டும். பாய்லர் பார்க்கும் அண்ணன் இரண்டு கட்டைகளைத் தட்டிப் பார்ப்பார். ‘டங்’ என்று கேட்டால்தான் அடுப்புக்குப் போகும். விடியுமுன் மூட்டினால் ஏழு மணிக்குள் எல்லா ஷவரிலும் சூடு வந்துவிடும். குழாய்க்குக் காப்புறை சுற்றாவிட்டால் கடைசி அறைக்கு வெதுவெதுப்புதான்.

வடகிழக்குப் பருவமழைதான் உண்மையான பரீட்சை. வெயில் நாளில் 40 யூனிட் தரும் பேனல், மூடுபனியில் பத்து தந்தாலே பெரிது. அப்போது ஜெனரேட்டர் ஓட்டித்தான் ஆக வேண்டும். குறைந்த லோடில் ஓட்டினால் டீசலும் வீண், என்ஜினில் கரியும் பிடிக்கும். அதனால் விருந்தினர் நடைக்குப் போகும் பகல் வேளையில் பேட்டரி சார்ஜ், சலவை, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் சேர்த்து முடித்துவிடுவோம். இவ்வளவு பணம் கொடுத்து வருபவர் காதில் அந்தச் சத்தம் விழக்கூடாதே.

நவம்பரில் நான்கு அறைகளுக்கு மேல் தருவதில்லை. முதலாளிக்கு இதில் கொஞ்சம் வருத்தம். டீசல் பில்லைக் காட்டியதும் சரி என்றார், இந்த வருஷத்துக்கு மட்டும்.