டேக் பிரிக்காத கவுன்

திருப்பூரில் ஒரு வங்கிக் கிளையில் பல வருஷம் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறேன். நகக்கண்ணில் நீலமோ கறுப்போ ஏறியிருந்தால் சாயப்பட்டறை, புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தால் மில் வேலை. முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே கையைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது.

2018 மே 5, சனிக்கிழமை. அந்த வாரம் எல்லார் போனிலும் ஒரே பேச்சு. வடக்கிலிருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கிறது, ஜாக்கிரதை என்று பதறும் ஒரு குரல். எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வந்ததை நானும் இரண்டு பேருக்கு அனுப்பினேன். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. கோடை விடுமுறை, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அன்று கிளைக்கே கூட்டி வந்திருந்தேன்.

நாலு மணிக்கு மேல் பொதுமக்கள் போய்விட்டார்கள். பாப்பா கண்ணாடிக் கதவோரம் விளையாடிக்கொண்டிருந்தாள். வெளியே ஏடிஎம் படியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அழுக்குச் சட்டை, தலையைச் சுற்றிய துண்டு, பக்கத்தில் ஒரு சாக்குப்பை. முழங்கை வரை கருநீலம். வழக்கமாக அந்த நீலத்தைப் பார்த்ததும் சாயப்பட்டறை என்று சொல்லியிருப்பேன். அன்றைக்கு அது என் கண்ணிலேயே படவில்லை.

காவலுக்கு இருந்தவரிடம் போய், "அண்ணா, அந்த ஆளைக் கொஞ்சம் விசாரிங்க. அரைமணி நேரமா பாப்பாவையே பாத்துட்டு இருக்கறான்" என்றேன்.

அவன் பார்த்தது கதவை. பாப்பாவை என்று சொன்னது நான்.

காவலர் தடியோடு இறங்கினார். டீக்கடையிலிருந்து நாலு பேர் வந்தார்கள். தமிழில் கேட்டார்கள், அவன் இந்தியில் ஏதோ சொன்னான். ஒருவர் சட்டையைப் பிடித்தார். இன்னொருவர் சாக்குப்பையைக் கவிழ்த்தார். லுங்கி, எவர்சில்வர் தட்டு, பல் பிரஷ், அப்புறம் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் கவுன். மார்பில் வாத்துப் படம். "பாருங்க, குழந்தைத் துணி!" என்று யாரோ கத்தினார்கள். எனக்கு வயிறு கலங்கியது. பாப்பாவை இழுத்து அணைத்துக்கொண்டேன். அந்தக் கவுனின் கழுத்தில் டேக் தொங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் எதுவும் தோன்றவில்லை. துணிக்கடைகள் நிறைந்த காதர்பேட்டையில் மலிவாக வாங்கியது என்று திருப்பூர்க்காரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

எங்கள் கிளையில் கூட்டிப் பெருக்கும் அக்காதான் ஓடி வந்தார். "உடுங்க சாமி, உடுங்க. இவன் எங்க லைன் வீட்டுல இருக்கறவனுங்க. ஊருக்குப் போறான்." அப்போதுதான் அவன் உள்ளங்கையைத் திறந்தான். ஏடிஎம் சீட்டு ஒன்று வியர்வையில் ஊறிக் கிடந்தது, அதில் நீலமாக ஒரு பெருவிரல் பதிவு. எந்திரம் கார்டை விழுங்கியிருக்கிறது. வேறு யாராவது எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

எந்திரத்துக்கு இரண்டு சாவி, இரண்டு அதிகாரிகள். இருவரையும் கூப்பிட்டுத் திறந்து, ஆதாரைச் சரிபார்த்துக் கார்டைக் கொடுத்தோம். அவன் யாரையும் திட்டவில்லை. கவுனிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, மடித்து, லுங்கிக்குள் வைத்தான். மன்னிப்புக் கேட்க எனக்கு இந்தியில் ஒரு வார்த்தை வரவில்லை. தமிழிலாவது கேட்டிருக்கலாம்.

நாலு நாள் கழித்து, மே 9 அன்று, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பத்தைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று ஊரே சேர்ந்து அடித்தது. 65 வயது அம்மா ஒருவர் இறந்துபோனார். வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்திருக்கிறார். வடக்கத்திக்காரர் இல்லை, சென்னையிலிருந்து வந்த தமிழர்தான். செய்தியைப் படித்துவிட்டு அன்றிரவு நான் சாப்பிடவில்லை. அங்கே சாக்லேட், இங்கே கவுன். எங்கள் அக்கா அன்று விடுப்பு எடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நான் அனுப்பியது இரண்டே பேருக்குத்தான்.

2023 மார்ச்சில் பயம் எதிர்ப்பக்கம் போனது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று, வேறெங்கோ நடந்ததையெல்லாம் இங்கே நடந்ததாகச் சொல்லும் வீடியோக்கள் பரவின. போலீஸ் மறுத்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே திருப்பூருக்கு வந்து விசாரித்தது. ஹோலி சமயம் வேறு, ரயில் நிலையத்தில் மூட்டை முடிச்சோடு கூட்டம்.

அந்த வாரம் ஒரு பையன் கவுன்டரில் நின்று கணக்கிலிருந்த மொத்தப் பணத்தையும் கேட்டான். இருபது வயதுகூட இருக்காது. ஏன் என்று கேட்டேன், போனை நீட்டினான். ஐந்து வருஷத்துக்கு முன் எனக்கு வந்த அதே பதறும் குரல், மொழி மட்டும் வேறு. இதற்குள் கொஞ்சம் இந்தி பழகியிருந்தேன். பொய்ப்பா இது, பயப்படாதே, இரு என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் பணத்தை இரண்டு தடவை எண்ணிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனான்.