மிக் வெல்டர் வாங்க முதல் மீற்றர் பெட்டியைப் பாருங்கள்

வீட்டுக் கராஜுக்கு மிக் மெசின் (கையில் பிடிக்கிற டோர்ச்சின் நுனியால் வயர் தானாக வந்து உருகி இரும்பை ஒட்டுகிற வெல்டர்) வாங்கப் போகிறேன், எது நல்லது என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, உங்கள் வீடு ட்ரான்ஸ்போமரில் இருந்து எவ்வளவு தூரம் என்பதைத்தான். கொஞ்சம் எரிச்சல்படுவார்கள். ஆனால் கிளிநொச்சி டவுனில் ஏ9 வீதியோரம் இருக்கிற வீட்டுக்கும், ஒட்டுசுட்டான் பக்கம் லைனின் கடைசிக் கம்பத்தில் தொங்குகிற வீட்டுக்கும் ஒரே மெசின் சரிவராது. எங்கள் வீடுகளுக்குப் பெரும்பாலும் வருவது ஒற்றைப் பேஸ், 230 வோல்ற், 30 அம்பியர். பின்னேரம் அயலட்டையில் எல்லாரும் தண்ணி மோட்டரைப் போடுகிற நேரம் ஒரு மல்டிமீற்றரை பிளக்கில் குத்திப் பாருங்கள், அந்த 230 எங்கே நிற்கிறதென்று தெரியும்.

இனி மெசினின் பெட்டியில் பெரிய எழுத்தில் 250 என்று போட்டிருப்பார்களே, அதற்கு வருவோம். 3 மில்லிமீற்றர் இரும்பை ஒட்ட ஏறக்குறைய 120 அம்பியர் போதும். அதற்கே சாதாரண இன்வெர்ட்டர் மெசின் லைனில் இருந்து 18, 20 அம்பியர் இழுக்கும். உண்மையாகவே 250 அம்பியர் தருகிற மெசின் என்றால் லைனில் 50 அம்பியர் அளவுக்கு இழுக்க வேண்டும், உங்கள் மீற்றரோ 30. அப்போ அந்த 250 எங்கே இருந்து வரும்? அது பெட்டியின் அழகுக்கு. பின்பக்கத் தகட்டில் சின்ன எழுத்தில் டியூட்டி சைக்கிள் என்று ஒரு அட்டவணை இருக்கும், அதைத்தான் வாசிக்க வேண்டும். 60% க்கு நேரே 130 என்று இருந்தால், 130 அம்பியரில் பத்து நிமிடத்துக்கு ஆறு நிமிடம் ஒட்டலாம், மிச்ச நாலு நிமிடம் மெசின் ஆற வேண்டும். அதுவும் வழக்கமாக 40 பாகை வெப்பத்துக்குச் சொன்ன கணக்கு. சித்திரை வெயிலில் எங்கள் தகரக் கொட்டிலுக்குள் 40 பாகை லேசாக வந்துவிடும், ஆகவே எழுதியதில் கொஞ்சம் குறைத்தே எடுங்கள். அந்த அட்டவணையே இல்லாத மெசினை நான் வாங்கமாட்டேன், எவ்வளவு மலிவென்றாலும்.

இன்னொன்று, எக்ஸ்டென்ஷன் வயர். வீட்டில் இருந்து முற்றத்து மாமரத்தடி வரைக்கும் 30 மீற்றர் நீளத்துக்கு 1.5 (சதுர மில்லிமீற்றர்) வயரை இழுத்துவிட்டு மெசின் சரியில்லை என்று சொல்கிறார்கள். 20 அம்பியர் ஓடினால் அந்த வயரிலேயே 14 வோல்ற் போய்விடும். 2.5 வயர் என்றால் 9. இன்னும் மொத்தமாகப் போட்டால் இன்னும் நல்லது. பிளக்கை நம்பாமல், மெயின் போர்டில் இருந்து தனி பிரேக்கரோடு ஒரு லைன் எடுத்துவிட்டால் பாதிக் கரைச்சல் முடிந்தது.

சரி, உங்களுக்கு மிக் உண்மையாகவே வேண்டுமா? கேற், தண்ணித் தாங்கிக்கு ஸ்டாண்ட், கலப்பைக் கொழுவுக்கு ஒரு ஒட்டு, ட்ரக்டர் பெட்டியின் ஆங்கிள் அயன், இவைதான் வேலை என்றால் கூர் (வெல்டிங் குச்சி) பிடித்து ஒட்டுகிற சின்ன இன்வெர்ட்டர் பிளாண்ட் போதும், காசும் மிச்சம். வெளியில் காற்றுக்குள் வைத்து ஒட்டலாம், கொஞ்சம் கறள் இருந்தாலும் பிடிக்கும். மிக்குக்கு அந்தப் பொறுமை கிடையாது, கிறைண்டர் போட்டு இரும்பை வெள்ளையாக்கிவிட்டுத்தான் தொட வேண்டும். மிக் தேவைப்படுவது மெல்லிசு வேலைக்கு. லாண்ட்மாஸ்ரர் மட்காட், வான் பொடி, 1.2 மில்லிமீற்றர் பொக்ஸ் பார். கூரால் தொட்டவுடன் ஓட்டை விழுகிற இடமெல்லாம் மிக் அமைதியாக ஒட்டிக்கொண்டு போகும்.

அடுத்தது காஸ். உருகுகிற இடத்தில் காற்றுப் படாமல் மூடுகிற காஸைப் போட்டு ஒட்டினால் சுத்தமான ஒட்டு, ஊத்தை தட்டத் தேவையில்லை. ஆனால் சோழகம் வீசுகிற மாதங்களில் திறந்த கொட்டிலுக்குள் காஸ் நிற்காது, ஒட்டு முழுக்க ஓட்டை ஓட்டையாக வரும். ஒரு பக்கம் தார்ப்பாயைக் கட்டுங்கள், அல்லது காஸ் இல்லாமல் ஒட்டுகிற, உள்ளே மருந்து நிரப்பிய வயருக்கு மாறுங்கள். மருந்து வயர் விலை கூட, புகை கூட, சிதறலும் கூட, ஆனாலும் காற்றுக்குள் வேலை நடக்கும். இங்கே கடையில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: பிளஸ், மைனஸ் மாற்றலாமா? சாதாரண வயரும் காஸும் என்றால் டோர்ச் பிளஸில் இருக்க வேண்டும், காஸ் இல்லாத வயருக்கு மைனஸில். சில மலிவு மெசின்களில் இதை மாற்றவே வழி இல்லை. வன்னிக்கு இரண்டும் ஓடுகிற மெசின்தான் சரி, அதிலேயே கூர் பிடிக்கிற ஹோல்டரும் கொழுவலாம் என்றால் இன்னும் நல்லது.

காஸ் என்றால் எங்களுக்கு வெறும் காபனீரொட்சைட்டே போதும். ஆகன் கலந்தால் சிதறல் குறையும், விலை கூடும். ஒரு கிலோவுக்கு, நிமிடத்துக்கு 10 லீற்றர் என்று விட்டால், ஏறக்குறைய 50 நிமிடம் வில் எரியும். 10 கிலோ சிலிண்டர் ஒன்று வீட்டு வேலைக்கு மாதக்கணக்கில் வரும். நிரப்ப வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஓட வேண்டிய இடத்தில் இருக்கிறவர் சின்னச் சிலிண்டர் வாங்கினால், நிரப்புகிற காசைவிட வழிச்செலவு கூடப் போகும். கேஜைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று கண்டுபிடிக்கவும் முடியாது, உள்ளே திரவம் இருக்கும்வரை ஊசி அசையாது, திரவம் முடிந்தபிறகுதான் மளமளவென்று இறங்கும். தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள். வெயிலில் நிறுத்தவே வேண்டாம், 31 பாகைக்கு மேல் போனால் உள்ளே திரவமாகவே நிற்காது, அமுக்கம் ஏறிக்கொண்டே போகும்.

டோர்ச் யூரோ கனெக்டரோடு (வெளியிலிருந்தே கழற்றிப் பூட்டுகிற இணைப்பு) வருகிறதா என்று பாருங்கள். மெசினோடு நிரந்தரமாகப் பூட்டிய டோர்ச் பழுதானால் மெசினைத் திறந்து கழற்ற வேண்டும். யூரோவில் எம்பி15 என்கிற மாடல் டோர்ச் என்றால் டிப், நொசில் எல்லாம் எளிதாகக் கிடைக்கும். 5 கிலோ வயர் றோல் பிடிக்கிற மெசின் எடுங்கள், 1 கிலோ றோல் நிறைக்கணக்கில் பார்த்தால் விலை கூட. வீட்டு வேலைக்கு 0.8 மில்லிமீற்றர் வயர், ஈஆர்70எஸ்-6 ரகம். மாரிக்கு றோலைக் கழற்றிப் பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள், கறள் பிடித்த வயர் லைனரை (டோர்ச் கேபிளுக்குள் வயர் ஓடுகிற குழாய்) தின்றுவிடும். மெசினையும் மூடி வையுங்கள். சுகம் தேடி உள்ளே போகிற பல்லி போர்டில் இரண்டு கால்களை ஒரே நேரத்தில் வைத்தால் பல்லியும் போகும், போர்டும் போகும். திருத்துகிற இடங்களில் செத்துக் காய்ந்த பல்லியைக் காட்டித்தான் வாரண்டி இல்லை என்பார்கள்.

ஜீஐ பைப்பை (நாகம் பூசிய பைப்) ஒட்டுகிறீர்கள் என்றால் பூச்சைத் தேய்த்துவிட்டு, காற்று முதுகுப்பக்கம் வர நின்று ஒட்டுங்கள், அந்த வெள்ளைப் புகை இரவில் காய்ச்சலைக் கொண்டுவரும். காணியில் கிளறி வந்த, என்னவென்று தெரியாத இரும்பில் வெல்டரும் வேண்டாம், கிறைண்டரும் வேண்டாம். எங்கள் மண்ணில் மிதிவெடி அகற்றுகிற வேலை இன்னும் முடியவில்லை.

கடைக்குப் போகும்போது 1.2 பொக்ஸ் பாரில் இரண்டு துண்டும், 3 மில்லிமீற்றர் ஆங்கிளில் இரண்டு துண்டும் கையோடு கொண்டுபோங்கள். பூட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், முடிந்தால் நீங்களே பிடியுங்கள். விட்டுவிட்டுக் கடுகு வெடிக்கிற மாதிரிச் சத்தம் வந்தால் வயர் வேகத்தையும் வோல்ற்றேஜையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிப் பாருங்கள், நல்ல மெசின் ஒரு இடத்தில் சீராக வந்து நிற்கும். எவ்வளவு திருகினாலும் நிற்காததை அங்கேயே விட்டுவிடுங்கள். பூட்டிக் காட்டமாட்டோம் என்றால், அண்ணை, நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஹாட்வெயார் கடைக்கு நடவுங்கள்.