‘பேரை மட்டும் மாத்திக்கோ’: நண்பரின் கொடைக்கானல் டைம்ஷேரை ஏற்பதற்கு முன்

“காசெல்லாம் ஒண்ணும் வேண்டாம்டா. பேரை மட்டும் உன் பேருக்கு மாத்திக்கோ. வருஷத்துக்கு ஒரு வாரம் கொடைக்கானல்ல குடும்பத்தோட இருந்துட்டு வரலாம்.” டைம்ஷேர், அதாவது ஒரு ரிசார்ட்டில் வருஷா வருஷம் சில நாள் தங்கும் உரிமை, வைத்திருக்கும் நண்பர் இப்படிச் சொன்னால் அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் மீதிக் கதை பராமரிப்புக் கட்டண பில்லில் இருக்கிறது. பெயர் மாறிய நாளிலிருந்து அந்த பில் உங்கள் வீட்டுக்கு வரும். மலைக்குப் போனாலும் வரும், போகாவிட்டாலும் வரும்.

முதலில் ரிசார்ட் நிறுவனத்தோடு நண்பர் போட்ட ஒப்பந்தத்தின் மூலப்பிரதியைக் கேட்டு வாங்குங்கள். உறுப்பினர் அட்டையும் ரிசார்ட் படம் போட்ட ஃபோல்டரும் எதற்கும் உதவாது. ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது, அது வெறும் பயன்பாட்டு உரிமையா, நிலத்தில் பிரிபடாத பாகத்தோடு (எல்லாருக்கும் பொதுவான நிலத்தில் ஒரு பங்கு) பதிவான பத்திரமா என்பது. பெரும்பாலும் பயன்பாட்டு உரிமையாகத்தான் இருக்கும்: 25 வருஷம், பழைய சில திட்டங்களில் 99 வருஷம். 2006-ல் வாங்கிய 25 வருஷ உரிமை 2031-ல் முடிந்துவிடும். நண்பர் அன்று கட்டிய லட்சங்களை மறந்துவிடுங்கள். உங்களுக்கு வருவது மிச்சமிருக்கும் வருஷங்கள் மட்டும்தான்.

அடுத்து வாரம். நிலையான வாரம் என்றால் வருஷத்தின் 52 வாரங்களில் ஒன்று எண் போட்டு உங்களுடையது. மிதக்கும் வாரம் என்றால் ஒரு சீசனுக்குள் எது காலியோ அது. பாயின்ட் முறையில் வாரத்துக்குப் பதில் உங்கள் கணக்கில் பாயின்ட் இருக்கும்; நாள், அறை, ஊர் மூன்றையும் பொறுத்து அது கழியும். நிலையான வாரமாக இருந்தால் நிறுவனத்தின் வார நாட்காட்டியை வாங்கிப் பாருங்கள். வாரம் வெள்ளியில் தொடங்குகிறதா, சனியிலா என்பது இடத்துக்கு இடம் மாறும். தோராயமாக 20-வது வாரம் மே மாத நடுவில் விழும். ஊட்டி தாவரவியல் பூங்காவிலும் கொடைக்கானல் பிரையன்ட் பூங்காவிலும் மலர்க் கண்காட்சி நடக்கும் மாதம் அது. அந்த வாரம் சும்மா கிடைத்தால் யோசிக்கலாம்.

30-வது வாரம் கிடைத்தால் எந்த மலை என்று பாருங்கள். ஜூலை, ஆகஸ்டில் நீலகிரியின் மேற்குப் பக்கத்தைத் தென்மேற்குப் பருவமழை நேராக அடிக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. அப்படி மழை வலுக்கும்போது சுற்றுலா இடங்களை மூடிவிடுவார்கள், மரம் விழும், அறைக்குள் உட்கார்ந்து டிவிதான் பார்க்க வேண்டும். கொடைக்கானல் அந்த மாதங்களில் அவ்வளவு மோசமில்லை. சாரல், காற்று, மேகமூட்டம், அவ்வளவுதான். அங்கே கனமழை வருவது அக்டோபர், நவம்பரில். ஆகவே ஒரே ‘ஆஃப் சீசன்’ வாரத்துக்கு இரண்டு மலையிலும் ஒரே மதிப்புக் கிடையாது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தால் கோடை விடுமுறை, காலாண்டு விடுமுறை, டிசம்பர் கடைசி தவிர வேறு வாரம் உங்களுக்குப் பயன்படாது. (கொடைக்கானலில் 2018-ல் பூத்த குறிஞ்சி அடுத்து 2030-ல். அதுவும் மழைக்காலத்தை ஒட்டித்தான். 2031-ல் முடியும் உரிமைக்காரருக்கு ஒரே ஒரு வாய்ப்பு.)

இன்னொன்று: ‘ஏழு நாள்’ என்றால் ஏழு இரவா, ஆறு இரவா? ஒப்பந்தத்தைப் பார்க்காமல் கணக்கைத் தொடங்காதீர்கள்.

இப்போது கணக்கு. நண்பரிடம் கடைசி மூன்று வருஷ பில்லைக் கேளுங்கள். அறையின் அளவை வைத்துத்தான் கட்டணம். எத்தனை இரவு தங்கினீர்கள் என்பதை வைத்து அல்ல. உதாரணத்துக்கு ஒரு பெட்ரூம் அறைக்கு வருஷக் கட்டணம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 3,240. மொத்தம் 21,240. ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை வாடகையுள்ள ஓட்டல் அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான் என்பதை, ஓட்டலோடு ஒப்பிட, இங்கேயே பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் எப்படி ஏறும் என்ற பிரிவைத் தேடுங்கள். விலைவாசிக் குறியீட்டோடு கட்டியிருந்தால் ஓரளவு கணிக்கலாம். ‘அவ்வப்போது நிறுவனம் நிர்ணயிக்கும்’ என்று இருந்தால் உச்சவரம்பே இல்லை. மூன்று வருஷ பில்லில் ஏறிய விகிதத்தை எடுத்து அதையே மிச்ச வருஷங்களுக்கும் போடுங்கள். உரிமை முடிய ஆறு வருஷம் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 8 சதவீதம் ஏறினால் 21,240-ல் தொடங்கி ஆறு வருஷத்துக்குச் சுமார் 1,56,000 ஆகும். பெயர் மாற்றக் கட்டணம் 10,000 என்று வைத்தால், அதற்கும் ஜி.எஸ்.டி., ஆக 11,800. மொத்தம் ஏறக்குறைய 1,68,000. வருஷம் ஏழு இரவு என்று ஆறு வருஷத்தில் 42 இரவையும் ஒன்றுவிடாமல் பயன்படுத்தினால் இரவுக்கு 4,000 ரூபாய்.

ஏழு இரவு தொடர்ந்து கொடைக்கானலில் யார் இருக்கிறார்கள்? ஏரி, பசுமைப் பள்ளத்தாக்கு, தூண் பாறை, மன்னவனூர் எல்லாம் மூன்று நாளில் முடிந்துவிடும். லீவும் நான்கு நாளுக்கு மேல் கிடைக்காது. வருஷம் நான்கு இரவு என்றால் அதே பணத்துக்கு 24 இரவுதான், இரவுக்கு 7,000. அந்தக் காசுக்குச் சீசன் இல்லாத நாளில் அதைவிட நல்ல அறையை, வேண்டிய தேதியில், போகாவிட்டால் பைசா செலவில்லாமல் எடுக்கலாம். வாரத்தைப் பிரித்து இரண்டு தடவையாக எடுக்க முடியுமா, பயன்படுத்தாத நாள் அடுத்த வருஷத்துக்குச் சேருமா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் சாதகமாக இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

நிலுவையைத் தனியாகக் கேளுங்கள். டைம்ஷேர் வேண்டாம் என்று நினைப்பவர் பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷக் கட்டணத்தை நிறுத்தி வைத்திருப்பார். சொல்லக் கூச்சப்படுவார். மேலே உள்ள உதாரணத்தில் இரண்டு வருஷ நிலுவை 42,480, வட்டி தனி. அதையும் நீங்கள் ஏற்றால் 42 இரவுக்கும் இரவுக்கு 5,000, 24 இரவுக்கு 8,750 ஆகிவிடும். நிலுவை நண்பருடையது. அதை அவர் தீர்த்துத் தரட்டும், அல்லது வட்டியைத் தள்ளுபடி செய்யச் சொல்லி நிறுவனத்திடம் எழுதிக் கேட்கட்டும். நிலுவை நிற்கும்வரை புக்கிங் ஓடாது, பெயர் மாற்றமும் நடக்காது.

பில்லில் வராத செலவும் உண்டு. இரவுக்கு இவ்வளவு என்று பயன்பாட்டுக் கட்டணம், ஹீட்டர், கூடுதல் மெத்தை, சாப்பாடு. ரிசார்ட் ஊருக்கு வெளியே அட்டுவம்பட்டிப் பக்கமோ பெருமாள்மலைப் பக்கமோ இருந்தால் மூன்று வேளையும் அங்கேயே சாப்பிட வேண்டிவரும். நான்கு பேருக்கு ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு அறை வாடகையைத் தொட்டுவிடும். ‘சமையலறை உண்டு’ என்றால் அடுப்பு எரிகிறதா, பாத்திரம் தருகிறார்களா என்று கேளுங்கள். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் அரிசி லேசில் வேகாது, பருப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குக்கரைக் கையோடு கொண்டுபோவதுதான் வழி.

கணக்கு ஒத்துவந்தால் அடுத்தது சோதனை. நண்பரின் லாகின்னில் அவரையே உட்காரவைத்து மே இரண்டாவது வாரம், காலாண்டு விடுமுறை, டிசம்பர் கடைசி வாரம் என மூன்று தேதிக்குத் தேடச் சொல்லுங்கள். புக்கிங் எத்தனை நாள் முன்னால் திறக்கிறதோ அந்த நாளன்று காலையிலேயே தேட வேண்டும். மறுநாள் தேடினால் ‘காலி இல்லை’ என்பது நியாயமான பதில். திறந்த நாளிலேயே இல்லை என்று வந்தால் அந்த உரிமை காகிதத்தில்தான் இருக்கிறது.

பிறகு ஒருமுறை விருந்தினராகப் போய்த் தங்குங்கள். நண்பர் பெயரில் புக் செய்து, விருந்தினர் கடிதம் வாங்கி, அந்த வருஷக் கட்டணத்தை நீங்கள் கட்டிவிடலாம். எங்களைக் கேட்டால், பெயரை மாற்றாமலே இப்படி இரண்டு வருஷம் ஓட்டிப் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் நல்ல யோசனை. நண்பருக்குச் சுமை இறங்கும், உங்களுக்குக் கட்டுப்பாடு இல்லை. அறையில் பார்க்க வேண்டியது கட்டிலும் திரைச்சீலையும் அல்ல. அலமாரியைத் திறந்து மூலையை முகர்ந்து பாருங்கள், பூசண வாடை இருந்தால் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது. பாத்ரூம் மேல்கூரையில் கரும்புள்ளி, ஜன்னல் சட்டத்தில் உப்பிய மரம், காலை ஏழரைக்கு எல்லா அறையிலும் குளிக்கும் நேரத்தில் வெந்நீர் எவ்வளவு நிமிஷம் வருகிறது, இவற்றையும் பாருங்கள். வருஷா வருஷம் கட்டும் பராமரிப்புக் காசு எங்கே போகிறது என்பது இவற்றில் தெரியும்.

மலைக்கு ஏற இ-பாஸும் வேண்டும். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது நடைமுறையில் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. நீலகிரிக்கு 6,000, 8,000 என்று எண்ணிக்கையே வரையறுத்தார்கள். டைம்ஷேர் உறுப்பினர் என்பதற்குச் சலுகை எதுவும் இல்லை. அறை உறுதியான அன்றே இ-பாஸும் போட்டுவிடுங்கள்; அரசுப் பேருந்தில் போனால் அந்தத் தொல்லை இல்லை.

ரிசார்ட் நிற்கும் கட்டடத்தையும் ஒரு கண் பாருங்கள். 2018 ஆகஸ்டில் மசினகுடி வட்டாரத்து யானை வழித்தடத்தில் பல ரிசார்ட்டுகளுக்கு உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி சீல் வைத்தார்கள். கொடைக்கானலிலும் 2019-ல் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் அனுமதியில்லாத வணிகக் கட்டடங்களுக்குச் சீல் விழுந்தது. ரிசார்ட் மூடினால் வேறு ஊரில் அறை தருவார்களா, கட்டணம் நிற்குமா என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

பெயர் மாற்றத்துக்கு முன் நண்பர், பதிவு செய்த தன் மின்னஞ்சலிலிருந்து நிறுவனத்துக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். போனில் கேட்டால் இனிக்க இனிக்கப் பேசுவார்கள். அது எதற்கும் சாட்சி ஆகாது. கேட்க வேண்டியவை: இன்றைய தேதிக்கு நிலுவை எவ்வளவு, உரிமை எந்தத் தேதியில் முடிகிறது, மாற்றக் கட்டணம் எவ்வளவு, சேர்ந்திருக்கும் நாட்கள் புது உறுப்பினருக்கு வருமா, வெளி ரிசார்ட்டுகளோடு வாரத்தை மாற்றிக்கொள்ளும் வசதி தொடருமா, நடுவில் விட்டுவிலக வழி உண்டா. முதல் உறுப்பினருக்குக் கொடுத்த சலுகைகளில் பல இரண்டாம் கைக்கு வராது. மாற்று வசதியும் அப்படித்தான் அறுந்துபோகும். வந்தாலும் அதற்குத் தனிச் சந்தா, ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனிக் கட்டணம். மழைக்கால வாரத்தைக் கொடுத்து மே மாத வாரத்தை யாரும் தரமாட்டார்கள்.

விட்டுவிலகும் பிரிவை இரண்டு தடவை படியுங்கள். கட்டணம் கட்டாவிட்டால் உறுப்பினர் உரிமை ரத்து என்று மட்டும் இருந்தால் நண்பரே கைகழுவிவிடலாம், உங்கள் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. ரத்து ஆனாலும் பாக்கி கடனாக நிற்கும் என்று இருந்தால் அந்தக் கடன் நாளை உங்களைத் துரத்தும்.

மாற்றம் என்பது மூன்று கையெழுத்து. நண்பரும் நீங்களும் வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டால் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. பழைய உறுப்பினரை விடுவித்துப் புதியவரை ஏற்கிறோம் என்று நிறுவனமும் எழுத வேண்டும். உறுப்பினர் உரிமை கணவன், மனைவி இருவர் பெயரில் இருந்தால் இருவரும் கையெழுத்திட வேண்டும்; ஒருவர் இறந்திருந்தால் வாரிசுச் சான்று கேட்பார்கள். மூல ஒப்பந்தம், பான், ஆதார், புகைப்படம், முத்திரைத்தாளில் உறுதிமொழி, தவணையில் வாங்கியிருந்தால் கடன் தீர்ந்த கடிதம் எல்லாம் தயாராக இருக்கட்டும். பிரிபடாத பாகத்தோடு வந்த பத்திரமென்றால் சார்பதிவாளர் அலுவலகம்தான் வழி: வில்லங்கச் சான்று, வழிகாட்டி மதிப்பில் 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம். நண்பர் சட்டப்படி உறவினர் இல்லை என்பதால், இலவசமாக வரும் பாகத்தின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் அது உங்கள் வருமானத்தில் சேரும். இப்படிப் பத்திரமாக வரும் டைம்ஷேருக்கு எங்கள் பதில், வேண்டாம்.

மாற்றம் நடக்கும் வாரங்களில் போன் வரும். ‘புது உறுப்பினருக்கு வரவேற்பு விருந்து’ என்று கூப்பிட்டு, இரண்டு மணி நேரம் உட்காரவைத்து, பெரிய அறைக்கோ பாயின்ட் திட்டத்துக்கோ ஏற்றிவிடப் பார்ப்பார்கள். போவதென்றால் கிரெடிட் கார்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். நண்பருக்கும் ஒரு கூட்டம் போன் செய்யும்: உங்கள் டைம்ஷேரை விற்றுத் தருகிறோம், பதிவுக் கட்டணம் மட்டும் முன்னால் கட்டுங்கள் என்று. கட்டிய பிறகு அந்த எண் எடுக்காது.

கடைசியாக, நிறுவனத்தின் ஏற்புக் கடிதம், ‘நிலுவை இல்லை’ கடிதம் இரண்டும் கையில் வந்ததும் நண்பர் தன் வங்கியில் பழைய தானியங்கிப் பிடித்தத்தை ரத்து செய்ய வேண்டும். இதை மறந்தால் அடுத்த பில்லுக்கு அவர் கணக்கிலிருந்தும் போகும், உங்களிடமும் கேட்பார்கள். அந்தப் பணம் திரும்பிவர மாதக்கணக்காகும். சேவையில் குறை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் தொடங்கலாம். இரண்டு வருஷத்துக்குள் உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. அதற்கும் முதலில் கேட்பது அந்த இரண்டு கடிதங்களைத்தான்.