காய்ப்பு தானேன்னு விட்டுடாதீங்க

பொடயாட்ரிஸ்ட்னு சொன்னா எங்க வீட்ல இன்னும் சிரிப்புதான், காலுக்குன்னு தனியா ஒரு ஆளா, நகம் வெட்டி விடுறதுக்கெல்லாம் அப்பாயின்ட்மென்ட்டான்னு கேப்பாங்க. அப்பாவுக்கு சுகர் வந்து ரொம்ப வருஷம் ஆச்சு, கூடப் போறது நான்தான், பாத்துப் பாத்து இப்ப என் கட்சி என்னன்னா அங்க நடக்கறதுலயே பெரிய வைத்தியம் அந்தக் காய்ப்பு, அதாவது பாதத்துல தடிச்சுப்போன தோல, செதுக்கறதுதான்.

காய்ப்ப யாரும் நோயாவே நெனைக்கறதில்ல. ஆனா சுகர்னால நரம்பு கெட்டுப்போனா உணர்ச்சி மட்டும் போறதில்லைங்க, பாதத்துல இருக்கற சின்னச் சின்ன தசையும் வலுவிழந்து விரல்லாம் மடங்கிக்கும், விரலுக்குப் பின்னாடி இருக்கற எலும்பு முண்டு கீழ துருத்திக்கும், வேர்வை கொறஞ்சு தோலும் காஞ்சு போகும். நடக்கறப்ப பாரமெல்லாம் அந்த முண்டு மேலயே விழ விழ தோல் தடிக்குது, அப்புறம் அந்தத் தடிச்ச தோலே ஷூக்குள்ள மாட்டுன கல்லு மாதிரி உள்ள அழுத்துது. நமக்குன்னா சுருக்குன்னு குத்தும், காலை மாத்தி வைப்போம். கால் மரத்துப் போனவங்க அதே எடத்துலயே மிதிச்சு மிதிச்சு, மேல தோல் மூடியிருக்கறப்பவே அடியில ரத்தம் கட்டி புண்ணாயிடும். காய்ப்புக்குள்ள கருஞ்சிவப்பா புள்ளி தெரிஞ்சா அதுதான் சமாச்சாரம். ஒரு தடவ அப்பாவுக்கு பிளேடால மேல்தோல எடுக்க எடுக்க உள்ள பழைய ரத்தக்கறை வந்துட்டே இருக்கு, அவர் பாட்டுக்கு ஏதோ கதை சொல்லிட்டு இருக்கார், வலிக்கலையாப்பான்னா "எங்க?"ங்கறார்.

அதுக்காக வீட்லயே பிளேட எடுத்துடாதீங்க. கால் ஆணிக்குன்னு விக்கற பிளாஸ்டர் அதுக்கும் மேல, அதுல இருக்கற ஆசிட்டுக்கு ஆணி எது நல்ல தோல் எதுன்னு தெரியாது, பொசுக்கறது மரத்துப் போன காலுக்கும் தெரியாது.

டெஸ்ட்டெல்லாம் பாக்க வெளையாட்டு மாதிரிதான் இருக்கும். கண்ண மூடச் சொல்லிட்டு ஒரு நைலான் இழைய பாதத்துல வளையற அளவு அழுத்துவாங்க, 10 கிராம் அழுத்தம், அது தெரியலைன்னா காலோட காவல் போச்சுன்னு அர்த்தம். 128 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க்க, தட்டினா அதிர்ற கவைக் கம்பிதான், கால் கட்டைவிரல்ல வச்சு அதிர்வு தெரியுதான்னு கேப்பாங்க, பாதத்து மேலயும் கணுக்கால் பின்னாடியும் நாடி பாப்பாங்க. எனக்கு ஆச்சரியமா இருந்தது கணுக்கால்ல பாக்கற பிரஷர்தான், அத கையில இருக்கற பிரஷரால வகுத்துப் பாப்பாங்க, ஆனா சுகர்ல ரத்தக்குழாய்ல கால்சியம் படிஞ்சு கெட்டியாயிட்டா பட்டைய எவ்ளோ இறுக்குனாலும் அமுங்காது, கணக்கு 1.3க்கு மேல போயி ரத்த ஓட்டம் ஜோரா இருக்கற மாதிரி பொய் சொல்லும். அதான் கட்டைவிரல்ல தனியா பிரஷர் பாக்கறாங்க.

எல்லாம் சரியா இருந்தா வருஷத்துக்கு ஒரு தடவ காட்டினா போதும். உணர்ச்சி போயிருந்தா ஆறு மாசம், ஒரு வருஷத்துக்குள்ள. ஏற்கனவே புண் வந்து ஆறின காலுன்னா ஒண்ணுலேர்ந்து மூணு மாசத்துக்கு ஒரு தடவ போகணும், ஏன்னா ஆறினதுல 100க்கு 40 பேருக்கு ஒரு வருஷத்துலயே திரும்ப வருது. ஆறிடுச்சுன்னு நிம்மதியா விடுறது அந்த நேரத்துலதான்.

புண் வந்துட்டா எல்லாரும் என்ன மருந்து என்ன கட்டுன்னு கேக்கறோம், அடிப்பாதத்துப் புண்ணுக்கு முக்கியம் அந்த எடத்துல பாரம் விழாம பாக்கறது. முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு மாதிரி போட்டு விடுவாங்க, தொழுநோய்ல உணர்ச்சி போன கால்களுக்குப் போட்டுப் பழகின கட்டு அது. கழட்டற மாதிரி பூட்ஸ் குடுத்தா வீட்டுக்குப் போனதும் கழட்டிடுவாங்கன்னுதான் கழட்ட முடியாததா போடறாங்க (அப்பாவ தெரிஞ்சவங்களுக்கு இது புரியும்).

இன்னொண்ணு, புண்ணே இல்லாம ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி, செவந்து, இன்னொரு கால விட சூடா இருந்தா சுளுக்குன்னு எண்ணெய் தேச்சு நடக்க விட்டுடாதீங்க. சார்க்கோன்னு ஒண்ணு இருக்கு, உள்ள எலும்பு நொறுங்கிட்டிருக்கும், வலி பெருசா இருக்காது, நடக்க நடக்க பாதமே உருவம் மாறிடும். கால ஊனாம அன்னைக்கே காட்டணும்.

மத்தபடி தெனம் பாதத்த பாக்கறது, குனிய முடியலைன்னா கண்ணாடி இல்ல வேற ஆளு, விரல் இடுக்க நல்லா தொடைக்கறது, க்ரீம் தடவலாம் ஆனா இடுக்குல வேணாம், ஷூவ போடறதுக்கு முன்னாடி உள்ள கைய விட்டுப் பாக்கறது, வீட்டுக்குள்ளயும் வெறுங்காலு வேணாம், சுடுதண்ணி சூட்ட கால வச்சுப் பாக்கக் கூடாது, இதெல்லாம் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

பல எடத்துல சுகர் ரிப்போர்ட்ட பாத்து மாத்திரைய எழுதி அனுப்பிடுவாங்க, கால பாக்க நேரமிருக்காது. அதனால ரூமுக்குள்ள போனதுமே அப்பாவோட ஷூவையும் சாக்ஸையும் கழட்டி வச்சுட்டு உக்கார வச்சிடறேன், கேக்கவே வேணாம், டாக்டர் கண்ணு தானா கீழ போயிடுது.