ஏஎக்ஸ்210: 600-இல் நின்ற வேகமும் சரியாக உட்காராத ஒரு முனையும்

மேசைக் கணினியில் போட்ட இன்டெல் வைஃபை கார்டு ஏஎக்ஸ்210-இன் கதை இது. ரவுட்டர் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ரிசீவ் ரேட் (தரவு வந்து சேரும் இணைப்பு வேகம்) இப்போது 1201 எம்பிபிஎஸ். ஒருவழியாக வந்து சேர்ந்தது.

கார்டு அதேதான், டிரைவர் அதேதான், ரவுட்டரில் எதையும் தொடவில்லை. ஆனாலும் முன்பு 600-ஐத் தாண்டமாட்டேன் என்று அடம்பிடித்தது. டிரைவரை மாற்று, விண்டோஸைப் புதிதாகப் போடு, "கார்டு போச்சுண்ணே, மாத்திடுங்க" என்று யோசனைக்கு மட்டும் பஞ்சமில்லை. கோளாறு இருந்தது கார்டின் ஹீட்சிங்குக்கு (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) அடியில். தொழிற்சாலையிலேயே மாட்டி வந்த இரண்டு ஆன்டெனா வயர்களில் ஒன்று அரைகுறையாக உட்கார்ந்திருந்தது.

கணினி: பி450 போர்டு, ரைசன், விண்டோஸ் 11. வீடு கோலாலம்பூர் செந்தூலில், இரண்டு மாடி வரிசை வீடு. ஃபைபர் வாசல் பக்கத்து ஹாலில் வந்து முடிகிறது, கணினி மேல்மாடிப் பின்னறையில். நடுவே ஒரு கான்கிரீட் தளம், இரண்டு செங்கல் சுவர். லேன் வயர் இழுக்கலாமே என்பவர்களுக்கு ஒரே பதில்: வாடகை வீடு.

ஏன் ஏஎக்ஸ்210 என்று விளக்கத் தேவையில்லை. ஆனால் வாங்கும்போது எண்ணை மட்டும் நன்றாகப் பார்த்து வாங்குங்கள். ஏஎக்ஸ்200, 210 இரண்டும் பிசிஐ-ஈ (போர்டில் கூடுதல் கார்டுகளைச் செருகும் பொது இணைப்பு) வழியாக வேலை செய்பவை. பிசிஐ-ஈ ஸ்லாட்டில் செருகும் அடாப்டர் பலகையில் பொருத்தி ரைசன் போர்டிலும் ஓட்டலாம். 201, 211 இரண்டும் சிஎன்விஐ வகை. ரேடியோ வேலை மட்டும்தான் அந்தக் கார்டில் நடக்கும். மிச்சம் இன்டெல் சிப்செட்டுக்குள் இருக்கிறது. அதை ரைசன் போர்டில் செருகினால் டிவைஸ் மேனேஜர் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அளவில் இரண்டும் 22-க்கு 30 மில்லிமீட்டர்தான், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இணையக் கடைகளில் 211-ஐ பிசிஐ-ஈ அடாப்டரோடு சேர்த்து விற்கும் புண்ணியவான்களும் இருக்கிறார்கள். தலைப்பை நம்ப வேண்டாம், கார்டின் லேபிள் தெரியும் படத்தைக் கேட்டு வாங்குங்கள். புதிய பிஈ200-ஐயும் ரைசன்காரர்கள் இப்போதைக்குத் தள்ளிவைப்பது நல்லது. பல ஏஎம்டி போர்டுகளில் அது ஓடுவதில்லை.

லோயாட் பிளாசா கணினிக் கடைகளில் வெறும் எம்.2 கார்டு (அந்தச் சின்னக் கார்டு மட்டும்) கேட்டால், பெரும்பாலும் அடாப்டர், ஆன்டெனா எல்லாம் சேர்ந்த முழு கிட்டைத்தான் எடுத்து நீட்டுவார்கள். வெறும் கார்டு இணையத்தில் நூறு ரிங்கிட்டுக்குள் கிடைக்கும், கிட் கொஞ்சம் கூடுதல். பினாங்கில் 1972 முதல் இன்டெல் ஆலை நடக்கிறது. நாமோ ஷென்செனிலிருந்து பார்சல் வரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்! எங்கே வாங்கினாலும் பெட்டியில் எம்சிஎம்சி (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்லாட் விஷயத்தில் ஒன்றே ஒன்று. சில போர்டுகளில் இரண்டாவது எம்.2 எஸ்எஸ்டி போட்டால் ஒரு பிசிஐ-ஈ ஸ்லாட் அணைந்துவிடும். கார்டு தெரியவே இல்லை என்றால் முதலில் கையேட்டில் அந்த அட்டவணையைத் தேடுங்கள். எக்ஸ்1 கார்டை (மிகக் குட்டையான பிசிஐ-ஈ வகை) நீளமான ஸ்லாட்டிலும் தாராளமாகச் செருகலாம்.

இனி அந்த முனை.

ஏஎக்ஸ்210-இல் ஆன்டெனா வயருக்கு இருப்பது எம்எச்எஃப்4 என்ற சின்ன இணைப்பு. பழைய மினி பிசிஐ-ஈ கார்டுகளில் இருந்த யு.எஃப்.எல் முனையைவிடச் சின்னது. பழைய வயர் கைவசம் இருக்கிறது என்று அதை இதில் அழுத்தினால் கார்டு பக்கத்து வளையம் நசுங்கும், அவ்வளவுதான். கார்டின் விளிம்பில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் இரண்டு வளையங்கள், நடுவில் ஊசி. வயர் முனையில் அதன்மேல் கவிழும் ஓர் உலோக மூடி. சட்டையின் அமுக்குப் பொத்தான் மாதிரிதான் வேலை செய்கிறது. ஆனால் பொத்தானை எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுக் கழற்றலாம். இதற்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஆயுள் 30 தடவை. சும்மா சும்மா கழற்றிப் பார்க்கும் சாமான் இல்லை.

பூதக்கண்ணாடி வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால் கோளாறு தெரியும். சரியாக உட்கார்ந்த மூடி கார்டோடு ஒட்டித் தட்டையாகக் கிடக்கும். இதில் ஒரு பக்கம் வளையத்தில் இறங்கியிருந்தது, எதிர்ப்பக்கம் மயிரிழை அளவு தூக்கிக்கொண்டு நின்றது. மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நடு ஊசி சரியாகத் தொடாவிட்டாலும் 5 கிகாஹெர்ட்ஸில் அந்த இடைவெளியைத் தாண்டிக் கொஞ்சம் சிக்னல் கசிந்துவிடும். அதனால் கார்டு புகார் சொல்லாது, விண்டோஸும் மஞ்சள் முக்கோணம் காட்டாது. இரண்டு ஆன்டெனா வழியாக இரண்டு ஓட்டமாகப் (ஸ்ட்ரீம்) போக வேண்டிய தரவு சத்தமில்லாமல் ஒற்றை ஓட்டமாகிவிடும்.

பொருத்தும் முறை இதுதான். கணினியை அணைத்து, பவர் சப்ளையின் பின் சுவிட்சையும் அணைத்துவிட்டு, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். அடாப்டரை வெளியே எடுத்து மேசையில் படுக்கவைத்து, ஹீட்சிங்கைக் கழற்றுங்கள். எம்.2 கார்டு அதன் திருகாணியில் இறுகியே இருக்கட்டும். ஆடுகிற கார்டில் அழுத்தினால் மூடி சரிந்துதான் இறங்கும். வயர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தத் திசைக்கு முன்கூட்டியே திருப்பிக்கொள்ளுங்கள். பொருத்தியபின் திருப்பினாலும் திரும்பும், ஆனால் வளையம் தேயும்.

சாமணத்தால் மூடியைப் பிடித்து அழுத்தப் பார்க்காதீர்கள். சாமணம் நகர்த்துவதற்கு மட்டும். மூடியை வளையத்தின்மேல் வைத்து, விரல் நுனியால் துளிகூட அழுத்தாமல் முன்னும் பின்னும் அசையுங்கள். நடுவில் சரியாக வந்ததும் வழுக்குவது நிற்கும். அந்த இடத்தை விரலே சொல்லிவிடும். அப்போதுதான் அழுத்த வேண்டும், அதுவும் நேர் மேலிருந்து. ஐஸ்கிரீம் குச்சியின் தட்டை முனை இதற்குப் போதும். மெல்லிய ஒரு 'டிக்' கையில் தெரியும், காதில் கேட்காது. மூடி வழுக்கிக்கொண்டிருக்கும்போதே பலம் கொடுத்தால் வளையம் முட்டைவடிவமாகிவிடும், அதற்குப்பின் எந்த மூடியும் அதில் நிற்காது. கழற்றும்போது மூடியின் விளிம்புக்கு அடியில் தட்டையான பிளாஸ்டிக்கைக் கொடுத்து நேராக மேலே தூக்குங்கள். வயரைப் பிடித்து இழுக்கவே கூடாது.

உட்கார்ந்ததா என்று பார்க்க, வயரை மெதுவாகப் பக்கவாட்டில் அசையுங்கள். மூடி சுழலலாம், ஆனால் ஒரு பக்கமும் தூக்கக் கூடாது. பிறகு முனையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி வயரைக் காப்டன் டேப்பால் (சூடு தாங்கும் டேப்) ஒட்டிவிடுங்கள். சாதா செலோடேப் வேண்டாம். நம் ஊர் வெயிலும் கேசிங் சூடும் சேர்ந்தால் பசை இளகி வழியும். ஹீட்சிங்கை மூடும்போது அதன் மெத்தை வயர்மேல் ஏறாமல் பாருங்கள். அந்த மெத்தை வயரைப் பக்கவாட்டில் தள்ளினாலே மூடி பழையபடி தூக்கிக்கொள்ளும்.

இன்னொரு எதிரி வெளியில் இருக்கிறான். பின்தகட்டில் இருக்கும் ஆர்பி-எஸ்எம்ஏ (வெளி ஆன்டெனாவைத் திருகும் முனை) நட்டு தளர்ந்திருந்தால், ஆன்டெனாவைத் திருகும்போது தண்டு முழுவதும் சேர்ந்து சுற்றும். உள்ளே வயர் முறுக்கிக்கொண்டு மறுமுனையில் மூடியைப் பிடுங்கிவிடும். 8 மில்லிமீட்டர் ஸ்பேனரால் முதலில் நட்டை இறுக்கிவிட்டு, அதன்பிறகு ஆன்டெனாவை வெறும் விரலால் திருகுங்கள். தனியாக ஆன்டெனா வாங்கினால் ஆர்பி-எஸ்எம்ஏதானா என்று துளையைப் பாருங்கள்: கார்டு பக்கம் வெளித்திருகும் நடுவில் ஊசியும், ஆன்டெனா பக்கம் உள்திருகும் நடுவில் துளையும் இருக்க வேண்டும். சாதா எஸ்எம்ஏ ஆன்டெனாவும் திருகில் ஏறிவிடும், ஆனால் ஊசிக்கு ஊசி முட்டிக்கொள்ளும்.

அளந்து பார்க்க ஸ்பீட் டெஸ்ட் உதவாது. 500 எம்பிபிஎஸ் சந்தாவில் ஒற்றை ஓட்டமும் இரட்டை ஓட்டமும் ரவுட்டர் பக்கத்தில் ஏறத்தாழ ஒரே எண்ணைத்தான் காட்டும். கமாண்ட் பிராம்ப்ட்டில் 'நெட்எஸ்எச் டபிள்யூலேன் ஷோ இன்டர்ஃபேசஸ்' (netsh wlan show interfaces) போட்டு ரிசீவ் ரேட்டைப் பாருங்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் லொகேஷன் அனுமதி கொடுத்தால்தான் இந்தக் கட்டளை வாயைத் திறக்கும். வைஃபை 6, 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒற்றை ஓட்டத்துக்கு உச்சம் 600.5, இரட்டை ஓட்டத்துக்கு 1201. ரவுட்டர் வைஃபை 5 என்றால் 433-ம் 866-ம். சோதனை செய்யும்போது ரவுட்டரை 80-இல் பூட்டிவிடுங்கள். 160-இல் ஒற்றை ஓட்டமே 1201 காட்டும், எல்லாம் சரி என்று ஏமாந்துவிடுவோம்.

எந்த முனை சரியில்லை என்று கண்டுபிடிக்க ஹீட்சிங்கைத் திறக்கக்கூட வேண்டாம். ரவுட்டரிலிருந்து மூன்று மீட்டரில் வைத்து, வெளி ஆன்டெனாக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். நல்ல பக்கத்து ஆன்டெனாவைக் கழற்றினால் ரேட் சரியும். கழற்றியும் ஒன்றுமே மாறவில்லையா, அந்தப் பக்கம் ஏற்கெனவே செத்துக் கிடக்கிறது. அதே கட்டளை காட்டும் சிக்னல் சதவீதத்தைப் பாதியாக்கி 100-ஐக் கழித்தால் டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு) கிடைக்கும்: 72 சதவீதம் என்றால் மைனஸ் 64. மேல்மாடிப் பின்னறையில் இப்போது அந்த 72-தான் வருகிறது, ரேட் 720. முன்பு அதே மேசையில் 288.

டிரைவர் பக்கம் பெரிய கதை இல்லை. பழைய விண்டோஸ் 10 நிறுவல் கோப்புகளுக்கு 210-ஐத் தெரியாது. கைபேசியை யுஎஸ்பியில் மாட்டி அதன் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்து (டெதரிங்) இன்டெல் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். டிவைஸ் மேனேஜரில் 'கோட் 10' (சாதனம் தொடங்கவில்லை என்ற பிழை) வந்தால் ரீஸ்டார்ட் மட்டும் போதாது. முழுவதும் அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, அரை நிமிடம் கழித்து ஏற்றுங்கள். அடிக்கடி வந்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள். பவர் ஆப்ஷனில் பிசிஐ எக்ஸ்பிரஸ் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்டையும் 'ஆஃப்' ஆக்கிவிடுவது நல்லது.

160 மெகாஹெர்ட்ஸ் ஆசை இருக்கத்தான் செய்கிறது. 5 கிகாஹெர்ட்ஸில் சேனல் 36-இலிருந்து தொடங்கினால் அது 64 வரை நீளும், அதில் 52-இலிருந்து எல்லாம் டிஎஃப்எஸ், அதாவது ரேடாருக்கு வழிவிட வேண்டிய சேனல்கள். ரவுட்டர் ஒரு நிமிடம் ரேடார் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்கும். ரேடார் மாதிரி எதையாவது கேட்டுவிட்டால் சேனலை விட்டு ஓடிவிடும். இந்தத் தலைவலி இல்லாத இடம் 6 கிகாஹெர்ட்ஸ்தான். மலேசியாவில் 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை திறந்திருக்கிறது, அதில் 160 அகலச் சேனல் மூன்று அடங்கும். கார்டு தயார், விண்டோஸ் 11-ம் தயார், 6 கிகாஹெர்ட்ஸில் பேசும் வைஃபை 6ஈ ரவுட்டர்தான் இல்லை. ஆனால் கான்கிரீட் தளத்தைத் துளைப்பதில் 6 கிகாஹெர்ட்ஸ் 5-ஐவிட மோசம். அதனால் அதற்கு முன்பு காந்த அடி வைத்த ஆன்டெனா ஒன்றைக் கேசிங்கின் இரும்பு முதுகிலிருந்து விலக்கி அலமாரி மேல் வைத்துப் பார்க்க வேண்டும். நீட்டிப்பு வயர் ஆர்ஜி174 என்ற மெல்லிய வகை என்றால் 5 கிகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு 2 டெசிபெல்லுக்கு மேல் விழுங்கிவிடும்; அரை மீட்டருக்கு மேல் வாங்குவதில் லாபமில்லை.

இதே கார்டில் இருக்கும் புளூடூத் வேலை இன்னும் முடியவில்லை. எம்.2 கார்டில் வைஃபை பிசிஐ-ஈ வழியாகப் போகும், புளூடூத் யுஎஸ்பி 2.0 வழியாக. அதற்குத்தான் கிட்டில் அந்த ஒற்றை வயர், போர்டின் 9 ஊசி யுஎஸ்பி ஹெடருக்கு (வயர் செருகும் ஊசி வரிசை) போக வேண்டியது. வயரில் டேட்டா இணை மாறியிருந்தால் 'அன்நோன் யுஎஸ்பி டிவைஸ்', கோட் 43 என்று வரும். இந்தப் போர்டில் ஹெடர் இரண்டு. ஒன்றைக் கேசிங்கின் முன்பக்கம் பிடித்துக்கொண்டது, மற்றொன்றைக் கார்டு ரீடர்.

ஹெடரைப் பிரிக்கும் பலகை ஒன்றுக்கு ஆர்டர் போட்டாயிற்று. வாங்குபவர்கள் ஜாக்கிரதை: ஒன்றை இரண்டாக்கும் மலிவுப் பலகைகள் பல, ஒரே டேட்டா கோட்டை இரண்டு பக்கமும் இழுத்துவிட்டவை. இரண்டிலும் சாதனம் மாட்டினால் இரண்டுமே வேலை செய்யாது. நமக்கு வேண்டியது ஹப் சிப் உள்ள பலகை. எஃப்ஈ1.1, ஜிஎல்850ஜி மாதிரி ஏதாவது ஒன்று இருந்தால் போதும். விற்பவர் பெயர் சொல்லாவிட்டாலும் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கருப்பு ஐசியும் பக்கத்தில் வெள்ளி நிறக் கிரிஸ்டலும் தெரிந்தால் அது ஹப். வெறும் ஊசிகள் மட்டும் தெரிந்தால் அடுத்த கடையைப் பாருங்கள். பலகை வரும்வரை ஹெட்செட்டுக்குப் பழைய யுஎஸ்பி புளூடூத் டாங்கிள்தான், அதுவும் பின்பக்கக் கருப்பு போர்ட்டில். நீல யுஎஸ்பி 3.0 போர்ட்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் போடும் இரைச்சலுக்குப் பக்கத்தில் அதை வைத்தால் பாட்டு விட்டு விட்டுத்தான் கேட்கும்.