ஏட்டு சொன்ன வார்த்தை

"அந்த ஏட்டு என்னைத் திருநங்கைன்னா கூப்பிட்டான்?"

மூன்று வருடமாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அம்மா கோபமாகக் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நான் வாசித்த பக்கத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "இந்த இடம்தான் கண்ணு" என்று நிறுத்தினார்.

வயதான திருநங்கைகள் தங்கள் வாழ்க்கையைச் சொல்லும் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்குவது என் வேலை. நான் அம்மா என்று கூப்பிடுவது அப்படிப் பேசிய ஒரு மூத்த திருநங்கையை. அவரது பதிவு நான்கு மணி நேரம். அதில் எண்பதுகளின் ஒரு ராத்திரி வருகிறது. பஸ் ஸ்டாண்டில் நின்றவரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், விடிய விடிய தரையில் உட்காரவைத்து, நிர்வாணம் (ஆணுறுப்பை நீக்கும் சடங்கு) ஆன பிறகு ஆசையாக வளர்த்த முடியை வெட்டிவிட்டார்கள். அந்த ஏட்டு அவரை "அலி" என்கிறார், "ஒம்போது" என்கிறார். நான் எல்லாவற்றையும் 'திருநங்கை' என்று மாற்றியிருந்தேன். மொத்தம் பதினேழு இடம். கணினியில் அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

யோசிக்காமல் செய்யவில்லை. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கின் தொடர்ச்சியாக, திருநங்கைகள் உள்ளிட்ட பால்புதுமையினரை எந்தச் சொற்களால் குறிப்பிட வேண்டும் என்று 2022-ல் தமிழக அரசு ஒரு பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. அதை என் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தேன். 'திருநங்கை' சும்மா வந்த சொல் இல்லை. 2008-ல் நல வாரியம் தொடங்கியபோதுகூட அதன் பெயரில் 'அரவாணிகள்' என்றுதான் இருந்தது. மரியாதையான ஒரு சொல்லுக்காக இவ்வளவு பாடுபட்டவர்களின் கதையில் பழைய வசவை என் கையால் தட்டச்சு செய்ய மனசு வரவில்லை. இன்றைக்கும் அந்தத் தயக்கம் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் அம்மா சொன்னது வேறு. "நீ எழுதினதைப் படிச்சா அவன் ரொம்ப நல்லவன் மாதிரி இருக்கான். திருநங்கையே எந்திரின்னு சொல்றான். அப்புறம் முடியை வெட்டுறான். படிக்கிறவங்களுக்கு என்ன புரியும்?"

பதில் சொல்ல முடியவில்லை. பட்டியலைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், அப்படியே விட்டுவிட்டேன். அந்தப் பட்டியல் நாம் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு. அன்றைக்கு ஏட்டு எப்படிப் பேசினார் என்பதை மாற்ற அது எனக்கு உரிமை கொடுக்கவில்லை. இது வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

அன்று ராத்திரி கைராத்தி ஞாபகத்துக்கு வந்தார். 1884-ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு. பெண் உடையில் பாடிக்கொண்டிருந்தவரைப் பிடித்து, மருத்துவரை வைத்து உடம்பைச் சோதித்து, 'இயற்கைக்கு மாறான' உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவில் தண்டித்தார்கள். எங்கே, எப்போது, யாரோடு என்று எதுவுமே நிரூபிக்கப்படாததால் உயர் நீதிமன்றம் விடுவித்தது. அந்தத் தீர்ப்பில் மருத்துவர் சொன்னது இருக்கிறது, நீதிபதி நினைத்தது இருக்கிறது. கைராத்தி என்ன பாட்டுப் பாடினார், பிடித்தபோது என்ன சொல்லித் திட்டினார்கள் என்பது இல்லை. 1871-ன் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் கைராத்தி போன்றவர்களைப் பதிவேட்டில் ஏற்ற ஒரு தனிப் பகுதியே இருந்தது. பதிவேட்டை எழுதியவர்கள் அதிகாரிகள். அம்மாவின் நான்கு மணி நேரத்தில்தான் முதல்முறையாக அந்த ஏட்டைப் பற்றி அம்மா வாக்குமூலம் கொடுக்கிறார். அதைப் போய் நான் திருத்திவிட்டேன்.

சரி, பழைய சொற்களையே திரும்பப் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தேன். எங்களோடு வேலை பார்க்கும் இளம் திருநங்கை ஒருவர் அந்தப் பக்கத்தைப் பாதியில் மூடிவிட்டார். "இதைக் கேட்டுக்கிட்டேதான் ஸ்கூலை விட்டு நின்னேன். ஆபீஸ்லயும் படிக்கணுமா?" என்றார். அவர் சொன்னதிலும் ஒரு எழுத்தைக்கூட மறுக்க முடியாது. யாருக்காக இந்த வரலாற்றைச் சேர்க்கிறோமோ அவரையே அது குத்துகிறது. முன்பக்கத்தில் ஓர் எச்சரிக்கை வரி சேர்த்தோம். அது போதுமா என்று அவரிடம் கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார்.

இந்த முறை கணினியை மாற்ற விடவில்லை. ஒலிப்பதிவை ஓடவிட்டு ஒவ்வொரு இடமாக நானே மாற்றினேன். முதல் தடவை அவசரத்தில் கவனிக்காத ஒன்று அப்போது காதில் விழுந்தது. ஏட்டு பேசும் இடங்களில் அம்மாவின் குரல் மாறுகிறது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அந்த ஆளின் குரலிலேயே அந்தச் சொல்லைச் சொல்கிறார். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் அந்தக் குரலைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். எழுத்தில் அது எப்படியும் வராது. அடைப்புக்குறிக்குள் 'ஏட்டின் குரலில்' என்று போட்டேன்.

பதினேழில் மூன்று இடங்களில் அப்படிப் போட முடியவில்லை. அங்கே ஏட்டு இல்லை. "அப்ப நாங்க அலிங்கதானே, எங்களுக்கு யாரு வீடு குடுப்பா" என்று அம்மா தன் சொந்தக் குரலில், சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அதை அவர் இன்றைக்கும் அப்படியே வைக்கச் சொல்வாரா, மாற்றச் சொல்வாரா, தெரியவில்லை. சொன்னபடியே எழுதி அனுப்பிவிட்டேன்.

சித்திரையில் கூவாகம் போய்விட்டு வந்து போன் செய்தார். கால் வலி, வெயில், இந்த வருடம் கூட்டம் என்று அரை மணி நேரம் பேசினோம். அந்த மூன்று இடங்களைப் பற்றி நான் கேட்கவில்லை.